குவில்ட்டில் பசைவலை தவறாக ஒட்டிக்கொண்டதா? பிரித்தெடுக்கும் முறை

அக்காள் பேத்திக்கு ஒரு குவில்ட் (நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைத்தேன். நடுவில் ‘பட்டு’ என்று எழுத்துகளை வெட்டி ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்குப் பசைவலை வாங்கினேன்; சூட்டில் இளகித் துணியோடு துணியை ஒட்டும் மெல்லிய பசைப் படலம் அது, ஒரு பக்கம் காகிதம் இருக்கும். அந்தக் காகிதத்தில் எழுத்தை நேராகவே வரைந்து, துணியின் பின்புறம் ஒட்டி வெட்டிவிட்டேன். ‘ப’ தப்பித்தது, அதற்கு இடமும் வலமும் ஒன்றுதான். ‘ட்’, ‘டு’ இரண்டும் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிக்கொண்டன. இஸ்திரி போட்ட பிறகுதான் கவனித்தேன்.

பதற்றத்தில் ஆறிய துணியைப் பிடித்து இழுக்காதீர்கள். இந்தப் பசை சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். பிரிப்பதும் சூட்டோடுதான்.

முதல் படி: நீராவியை நிறுத்திவிட்டு, பசைவலை உறையில் சொல்லியிருக்கும் சூட்டில் இஸ்திரிப் பெட்டியை அந்தத் துண்டின் மேல் பத்து வினாடி வையுங்கள்; தேய்க்க வேண்டாம். எடுத்ததும் ஊசி முனையால் ஒரு மூலையைக் கிளப்பி, துணியின் இழை ஓடும் திசையிலேயே மெதுவாக உரியுங்கள். மூலைவாட்டில் இழுத்தால் அடித்துணி தொய்ந்துவிடும். பாதியில் ஆறினால் மறுபடி சூடு காட்டுங்கள். உள்ளே பாலியெஸ்டர் பஞ்சு வைத்துத் தைத்தாகிவிட்டதென்றால் சூட்டைக் குறைத்து, சிறிது சிறிதாகச் செய்யுங்கள். அந்தப் பஞ்சு அமுங்கினால் மீண்டும் எழும்பாது.

இரண்டாவது, மிச்சப் பசை. புதிய துண்டு மூடப்போகும் இடத்தில் இருப்பதை விட்டுவிடலாம். வெளியே தெரிவதை மட்டும் எடுத்தால் போதும். அதன் மேல் பழைய பருத்தித் துணியை விரித்து, சூடு காட்டி, சூடாக இருக்கும்போதே சட்டென்று தூக்குங்கள். பசையில் கொஞ்சம் அதனோடு வரும். ஒவ்வொரு முறையும் துணியின் சுத்தமான பகுதியை வையுங்கள். இல்லாவிட்டால் எடுத்த பசையே திரும்ப ஒட்டும்.

அதற்கும் வராததை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இளக்கும். பஞ்சில் நனைத்து ஒற்றி, ஒரு நிமிடம் விட்டு, மழுங்கிய கத்தியால் சுரண்டுங்கள். சாயம் போகிறதா என்று முதலில் ஒரு வெட்டுத்துண்டில் பாருங்கள். இந்த ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். ஆகவே இஸ்திரிப் பெட்டியை அணைத்து ஆறவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். துணியை அலசி, நன்றாக உலர்ந்த பிறகே மறுபடி சூடு காட்டலாம்.

இஸ்திரிப் பெட்டியின் அடியில் பசை பிடித்திருந்தால், சூடாக இருக்கும்போதே மடித்த பழைய துணியின் மேல் முன்னும் பின்னும் ஓட்டுங்கள், போய்விடும். அடுத்த முறை நடுவில் சிலிக்கான் பூசிய பேக்கிங் காகிதம் வையுங்கள். பட்டர் பேப்பர் என்று விற்பதில் எல்லாவற்றுக்கும் அந்தப் பூச்சு இருப்பதில்லை. நான் ஒருமுறை வாங்கியது துணியோடேயே ஒட்டிக்கொண்டது.

ஓரம் மட்டும் கிளம்பியிருக்கிறதா? ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அப்படியும் ஒட்டாவிட்டால், முன்பே சூடு அதிகமாகிப் பசை துணிக்குள் இறங்கியிருக்கும். மெல்லிய பசைவலைக் கீற்றை உள்ளே செருகி அழுத்தி, ஓரத்தைச் சுற்றித் தைத்துவிடுங்கள். தைக்கும்போது ஊசி பிசுபிசுத்தால் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கலாம்.

இனி புதிய எழுத்து. தாளில் ‘டு’வை நேராக எழுதி, தாளைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் வைத்தேன். வெளிச்சத்தில் பின்புறம் தெரிந்த வடிவத்தைப் பசைவலைக் காகிதத்தில் வரைந்தேன். வெட்டுவதற்கு முன் அக்காளிடம் ஒருமுறை காட்டிக்கொண்டேன்.