'டிக்' என்று நிற்கும் ஃப்ரிட்ஜ்: கம்ப்ரசரைக் குறை சொல்லும் முன் நீங்களே பார்க்கவும் மாற்றவும் முடிந்தவை

சித்திரைத் திருவிழா சமயம். அழகர் ஆற்றில் இறங்க இரண்டு நாள் இருந்தது. உறவினர்களுக்காக அரைத்த இட்லி மாவு இரண்டு குண்டான், ஆறு பால் பாக்கெட், அத்தை வாழையிலையில் சுற்றி வைத்த மல்லிகைப் பூ என எல்லாம் உள்ளே இருக்க, திருநகரில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. முழுதாக நின்றது என்றுகூடச் சொல்ல முடியாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை பின்பக்கம் 'உம்ம்' என்று முனகும். ஐந்தாறு நொடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

வந்து பார்த்த மெக்கானிக் பின்பக்கத்தைத் தொடவே இல்லை. கம்ப்ரசர் போய்விட்டது, கேஸோடு சேர்த்து ஏழாயிரம் ஆகும் என்றார். அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். திருவிழா அவசரத்தில் வீடு வீடாக ஓடுகிறவருக்கு ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவது வசதி. மறுநாள் நான் மாற்றியது தீப்பெட்டி அளவுள்ள ஒரு பாகம். விலை 220 ரூபாய். இன்றும் ஓடுவது அதே கம்ப்ரசர்தான்.

கீழே சொல்வது பெரும்பாலும் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜுக்கு. இரட்டைக் கதவுக்காரர்களுக்கும் பின்னால் கொஞ்சம் இருக்கிறது. கதவில் 'இன்வெர்ட்டர் கம்ப்ரசர்' என்று ஒட்டியிருந்தால், கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் சிறு பாகமான ரிலே பற்றிய பகுதியைத் தாண்டிவிடுங்கள். அந்த வகையில் ரிலே கிடையாது, ஓர் எலக்ட்ரானிக் போர்டுதான் கம்ப்ரசரை ஓட்டுகிறது. வாரண்டி மிச்சமிருப்பவர்கள் எதையும் கழற்ற வேண்டாம்.

திருப்புளியை எடுக்கும் முன்

ஸ்டார் முனைத் திருப்புளி, தட்டைத் திருப்புளி, மூக்குக் குறடு, டார்ச், ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். இவ்வளவு போதும். மல்டிமீட்டருக்குப் பதில் டெஸ்டர் போதாதா என்று கேட்பார்கள். போதாது. மின்சாரம் வருகிறதா என்பதை மட்டுமே டெஸ்டர் சொல்லும், பாகம் நல்லதா கெட்டதா என்று சொல்லாது.

சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வேலையைத் தொடங்காதீர்கள். பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரல் கம்பியில் போட்டுவைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அங்கே சுவிட்சை அணைத்த பிறகும் ஃபேஸ் ஃப்ரிட்ஜுக்குள் நிற்கும். பிளக்கைப் பிடுங்கி, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள்.

அடுத்து, கம்ப்ரசர் மீதோ பின்பக்கமோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆர்-600ஏ என்று இருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன். அது சமையல் கேஸுக்கு நெருங்கிய உறவு, எளிதில் தீப்பிடிக்கும். காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையோடு தேங்கும். சமையல் கேஸில் எச்சரிக்கைக்காகச் சேர்க்கும் அந்த நாற்றமும் இதில் இருக்காது. ஆர்-134ஏ என்று இருந்தால் தீப்பிடிக்கும் பயம் இல்லை. எதுவாக இருந்தாலும் நாம் செய்யப்போகும் எந்த வேலையிலும் குழாயை வெட்டுவதோ பற்றவைப்பதோ வராது. வந்தால் அது நம் வேலை இல்லை.

கெடாததைக் கழற்ற வேண்டாம்

உள்விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் அதே சாக்கெட்டில் கைப்பேசி சார்ஜரைச் செருகிப் பாருங்கள். குறை பெரும்பாலும் சாக்கெட்டில் இருக்கும்.

விளக்கு எரிந்தும் கம்ப்ரசர் ஓடவில்லை என்றால், குளிர் அளவைத் திருப்பும் குமிழின் நடுவே ஒரு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ரீசரில் கட்டிய பனியை உருக்குவதற்கான பொத்தான் அது. அழுத்தினால் பனி உருகும்வரை கம்ப்ரசர் ஓடாது, பிறகு பொத்தான் தானாக வெளியே வரும். பால் பாத்திரத்தை நகர்த்தும்போது கை பட்டு அது அழுந்திவிட, ஃப்ரிட்ஜ் கெட்டுவிட்டது என்று ஆள் கூப்பிட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு.

மின்னழுத்தத்தையும் பாருங்கள். கத்திரி வெயிலில், இரவு ஒன்பது மணிக்குத் தெரு முழுக்க ஏசி ஓடும்போது, 230 வோல்ட் வர வேண்டிய எங்கள் வீட்டில் 175 வோல்ட் வந்ததுண்டு. அந்த அளவில் நல்ல கம்ப்ரசரும் கிளம்பத் திணறி, அதே 'உம்ம்… டிக்' சத்தத்தைத்தான் போடும். மல்டிமீட்டரைச் சாக்கெட்டில் செருகிப் பழக்கம் இல்லாதவர்கள் ஸ்டெபிலைசர் காட்டும் எண்ணைப் பார்த்தால் போதும்.

ரிலேயும் ஓவர்லோடும்

கம்ப்ரசருக்குள் இருக்கும் மோட்டாரில் இரண்டு சுருள்கள். ஒன்று ஓடுவதற்கு, மற்றது கிளப்பிவிடுவதற்கு. மாசி வீதியில் தேர் புறப்படுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடிப்பவர்கள் மட்டும் போதாது, பின்சக்கரத்தில் கட்டை கொடுத்து நெம்ப வேண்டும். தேர் உருளத் தொடங்கியதும் நெம்பியவர் விலகிவிட வேண்டும். கிளப்பும் சுருள்தான் நெம்புகிறவர். அவரை உள்ளே விட்டு, உடனே விலக்குவது ரிலேயின் வேலை.

இன்றைய ரிலேக்களில் பெரும்பாலும் பிடிசி என்ற பீங்கான் வில்லை ஒன்று இருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது மின்சாரத்தை விடும். மின்சாரம் பாய்ந்த சற்று நேரத்திலேயே சூடாகித் தடையைப் பல மடங்கு கூட்டி, கிளப்பும் சுருளைத் துண்டித்துவிடும். மீண்டும் வேலை செய்ய அது ஆற வேண்டும். மின்வெட்டு முடிந்த உடனே ஃப்ரிட்ஜ் கிளம்பாமல் 'டிக்' போடுவது இதனால்தான். அணைத்தால் ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள் என்று சொல்வதன் காரணமும் இதுவே.

வில்லை உடைந்துபோனால் நெம்ப ஆள் இல்லை. மோட்டார் நின்ற இடத்திலேயே முனகி, அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும். அப்போது துண்டித்துக் காப்பாற்றுவது பக்கத்தில் இருக்கும் ஓவர்லோடு. நாம் கேட்கும் 'டிக்' அதன் குரல்தான். பாவம், காப்பாற்றுகிறவன்மேல்தான் முதல் பழி விழுகிறது.

1. பிளக்கைப் பிடுங்கி, ஃப்ரிட்ஜை முன்னால் இழுங்கள். கீழே கருப்பாகக் குடம் கவிழ்த்தாற்போல் இருப்பது கம்ப்ரசர். சற்று முன்வரை முனகிக்கொண்டிருந்தது என்றால் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், அரை மணி நேரம் ஆற விடுங்கள். அதன் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் மூடி, கம்பிக் கொக்கியாலோ ஸ்குரூவாலோ பிடிக்கப்பட்டிருக்கும். திறந்ததும், எதையும் தொடும் முன், நாலு கோணத்தில் படம் எடுங்கள். எந்த நிறக் கம்பி எங்கே என்பது நினைவில் நிற்காது.

2. சில மாடல்களில் உருளை வடிவக் கெபாசிட்டர் ஒன்றும் இணைந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கும் என்பதால் முனைகளை விரலால் தொடாதீர்கள். ஒரு குண்டு பல்பின் இரு கம்பிகளை, உறையிட்ட பகுதியில் பிடித்து, அதன் முனைகளில் சில நொடி வைத்தால் வடிந்துவிடும்.

3. ரிலேயையும் ஓவர்லோடையும் நேராக வெளியே இழுங்கள். இடம் வலம் திருகாதீர்கள். பின்னால் இருக்கும் மூன்று பின்களைக் கண்ணாடிப் பூச்சுத்தான் கம்ப்ரசர் உடலோடு பிடித்திருக்கிறது. அது விரிசல் விட்டால் கேஸ் வெளியேறும், அதற்குப் பிறகு ஏழாயிரம் உண்மையாகிவிடும்.

4. ரிலேயைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே உடைந்த வில்லை கிலுகிலுப்பை போலச் சத்தம் போட்டால் தீர்ந்தது. எங்கள் வீட்டு ரிலே அப்படித்தான் ஒலித்தது. போதாக்குறைக்கு ஒரு மூலை கருகியும் இருந்தது. சத்தம் இல்லை என்றால் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பின்கள் செருகும் இரு துளைகளுக்கு இடையே பாருங்கள். ஆறிய நல்ல ரிலே சில ஓம் முதல் சில பத்து ஓம் வரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் போய்விட்டது. ஓவர்லோடின் இரு முனைகளுக்கு இடையே ஏறக்குறைய சுழியம் காட்ட வேண்டும்.

5. இப்போது கம்ப்ரசரையே சோதியுங்கள். ரிலே வாங்கக் கிளம்பும் முன் இதைச் செய்தால் வீண் அலைச்சல் இல்லை. மூன்று பின்களை இரண்டிரண்டாக அளந்தால் மூன்று எண்கள் கிடைக்கும். சிறிய இரண்டைக் கூட்டினால் பெரியது வர வேண்டும். எனக்கு 13, 19, 32 வந்தன. கம்ப்ரசருக்குக் கம்ப்ரசர் எண்கள் மாறும், கூட்டல் கணக்கு மாறாது. பிறகு மீட்டரின் ஒரு முனையைக் கம்ப்ரசரின் செம்புக் குழாயில் வைத்து, மறு முனையால் ஒவ்வொரு பின்னையும் தொடுங்கள். எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் சுருள் உடலோடு ஒட்டிவிட்டது, இனி அந்த ஃப்ரிட்ஜைப் பிளக்கில் செருகவே கூடாது.

6. பழைய பாகங்களையும், கம்ப்ரசர் ஸ்டிக்கரின் படத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். டவுன்ஹால் ரோடு பக்கம் அலைந்தேன், மூன்றாவது கடையில் கிடைத்தது. 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்று தருவதை வாங்காதீர்கள். ஓவர்லோடு கம்ப்ரசரின் திறனுக்கு ஏற்றதாக இருந்தால்தான் சரியான நேரத்தில் துண்டிக்கும். ரிலே, ஓவர்லோடு இரண்டையும் சேர்த்தே மாற்றுவது என் வழக்கம். படத்தைப் பார்த்துப் பொருத்தி, ஓவர்லோடின் முகம் கம்ப்ரசர் உடலோடு ஒட்டியிருப்பதை உறுதிசெய்து, மூடியைப் போட்ட பிறகே பிளக்கைச் செருகுங்கள்.

தெர்மோஸ்டாட்

விளக்கு எரிகிறது, முனகல் இல்லை, 'டிக்' இல்லை, பொத்தானும் அழுந்தவில்லை. இப்போது சந்தேகம், குளிரைப் பார்த்துக் கம்ப்ரசரை ஓட்டியும் நிறுத்தியும் வைக்கும் தெர்மோஸ்டாட் மேல். குமிழுக்குப் பின்னால், விளக்குப் பெட்டிக்குள் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிப் பெட்டியைக் கழற்றி, கம்ப்ரசருக்குப் போகும் இரு கம்பிகளை உருவி, அந்த இரு முனைகளுக்கு இடையே அளந்து பாருங்கள். அறை வெப்பத்தில், குமிழ் நடுவில் இருக்கும்போது இணைப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் மாற்ற வேண்டியதுதான்.

தெர்மோஸ்டாடிலிருந்து ஒரு மெல்லிய குழாய் ஃப்ரீசர் வரை போகும். அது கம்பி அல்ல. உள்ளே அடைத்த வாயுவின் அழுத்தத்தைக் கொண்டுதான் குளிரை அறிகிறது. கூர்மையாக மடித்தால் புதிய தெர்மோஸ்டாட் அங்கேயே செத்துவிடும். பழைய குழாயின் முனை எங்கே, எவ்வளவு நீளம் ஒட்டியிருந்தது என்று பார்த்து, அப்படியே வையுங்கள். முனை ஃப்ரீசரைத் தொடாமல் தொங்கினால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடி, கீழ்த்தட்டுக் கீரையும் உறைந்துபோகும்.

கதவு ரப்பர்

பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். பிடிமானம் இல்லாமல் வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. முதலில் சோப்பு நீரில் துடைத்துப் பாருங்கள், மாவுப் பிசுக்கு போனாலே பாதி ரப்பர்கள் ஒட்டிவிடும். கிழிந்திருந்தால் மாற்றுங்கள். சில கதவுகளில் பள்ளத்தில் அழுத்திச் செருகியிருப்பார்கள், பழைய மாடல்களில் ரப்பர் மடிப்பின் கீழே வரிசையாக ஸ்குரூ இருக்கும். புதிய ரப்பர் மடங்கிச் சுருண்டு வரும். அதை நிமிர்த்த வெந்நீர் தேவை என்பார்கள். மதுரையில் மொட்டைமாடி போதும். பத்து நிமிட வெயிலில் பாய் போல விரிந்துவிடும். மூலைகளை முதலில் பொருத்தி, பிறகு நடுப்பகுதிக்கு வாருங்கள்.

இரட்டைக் கதவு: மேலே உறைகிறது, கீழே வேர்க்கிறது

தானாகப் பனி உருக்கும் ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரின் பின்சுவருக்குள் குளிர்ச்சுருளும் மின்விசிறியும் இருக்கின்றன. பனியை உருக்கும் ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் சுருள் பனியால் மூடி, குளிர்காற்று கீழே இறங்காது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கதவுகளைத் திறந்து வைத்து ஒரு நாள் முழுக்க அணைத்துப் போடுங்கள். பிறகு சில நாள் நன்றாக ஓடி மீண்டும் அதே குறை வந்தால், ஹீட்டர் வரிசையில்தான் பிழை. டைமர், ஹீட்டர், பைமெட்டல் (குளிரைப் பொறுத்து இணைத்துத் துண்டிக்கும் சிறு சுவிட்ச்), ஃப்யூஸ் ஆகியவற்றில் ஒன்று.

புதியவர்கள் ஏமாறும் இடம் பைமெட்டல். அறை வெப்பத்தில் அளந்தால் இணைப்பு இருக்காது, உடனே கெட்டது என்று தூக்கிப் போடுவார்கள். அது கடுங்குளிரில்தான் இணையும். உறைந்த சுருளில் இருக்கும்போதோ, வேறொரு ஃப்ரீசரில் வைத்து எடுத்த உடனேயோ அளந்து பாருங்கள். ஃப்யூஸ் அறுந்திருந்தால் அதே அளவுக்கு வேறு வாங்குங்கள். அதைத் தவிர்த்துக் கம்பியை நேராக முறுக்கிவிடும் 'சிக்கனம்' வேண்டாம். பிளாஸ்டிக் சுவருக்குப் பின்னால் ஹீட்டர் அணையாமல் எரியக்கூடும்.

நாம் நிறுத்திக்கொள்ள வேண்டிய இடம்

கம்ப்ரசர் ஓயாமல் ஓடுகிறது, ஃப்ரீசரில் ஒரு மூலையில் மட்டும் பனி, பின்பக்கக் கம்பிவலையோ பக்கச் சுவரோ சூடே ஆகவில்லை. இது கேஸ் குறைந்ததன் அடையாளம். ஆளைக் கூப்பிடுங்கள். கேஸ் என்பது பெட்ரோல் போலத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. எங்கோ ஓட்டை இருந்தால்தான் குறையும். ஓட்டையை அடைத்து, வடிகட்டியை மாற்றி, குழாயில் உள்ள காற்றை உறிஞ்சியெடுத்து (வேக்குவம்), ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி எடைபோட்டு நிரப்புகிறாரா என்று அருகிலிருந்து பாருங்கள். அப்படியே நிரப்பிவிட்டுப் போனால் அடுத்த கோடைக்குள் மறுபடி காசு கேட்கும்.

அந்த ஓட்டையை நம்மில் பலர் கையாலேயே போடுகிறோம். ஐஸ் தட்டு ஒட்டிக்கொண்டது என்று கத்தியால் நெம்பினால், ஃப்ரீசரின் மெல்லிய அலுமினியச் சுவரில் 'உஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்டால் பிளக்கைத் தொடாதீர்கள், மற்ற சுவிட்சுகளையும் போடாதீர்கள். அடுப்பில் தீ எரிந்தால் அணைத்து, சன்னல் கதவுகளைத் திறந்து வைத்து வெளியே வந்துவிடுங்கள்.

மறுபடி போடும்போது

பின்பக்கத் தூசியைப் பழைய பெயின்ட் பிரஷால் தட்டி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். வேலைக்காகச் சாய்த்திருந்தால் நிமிர்த்திச் சில மணி நேரம் கழித்தே போடுங்கள், கம்ப்ரசர் எண்ணெய் தன் இடத்துக்கு இறங்க வேண்டும். ஸ்டெபிலைசர் வாங்குவதாக இருந்தால் மூன்று நிமிடத் தாமத வசதி உள்ளதா என்று கேளுங்கள்.

போட்டவுடன் மாவுக் குண்டானை உள்ளே தள்ளாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரை நடுத்தட்டில் வைத்து, அதற்குள் ஒரு சமையல் தெர்மாமீட்டரைப் போட்டுக் கதவை மூடுங்கள். மதியம் மூன்று மணிக்குப் போட்ட எங்கள் ஃப்ரிட்ஜில், இரவு படுக்கப்போகும் முன் பார்த்தபோது 9 டிகிரி. விடிகாலையில் 4. அத்தை பூவை மறுபடி உள்ளே வைத்தது அதற்குப் பிறகுதான்.