பறவைக்கூடு பெரணி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பறவைக்கூடு பெரணி மரக்கிளையைப் பற்றி வளரும் செடி. தொட்டிக்கு வந்ததும் பலர் அதை மண்ணில் முளைத்த செடியாக நினைத்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் தண்ணீர். இலைகள் சுற்றிலும் விரிந்து நடுவில் கிண்ணம்போல் குழிந்திருப்பதால், அதற்குள் ஊற்றத்தான் கை போகும். காட்டில் மழையும் அங்கேதானே விழுகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் காட்டில் அந்தக் குழி நிறைய சருகு மக்கிக் கிடக்கும். விழுகிற நீரைச் சருகும் வேர்க்கொத்தும் பிடித்துக்கொள்ள, மிச்சம் கிளைவழியே வடிந்துவிடும், காற்றும் படும். வீட்டுக்குள் தேங்கும் நீர் குருத்தை அழுகச் செய்துவிடும். புது இலை எல்லாம் அந்த நடுவிலிருந்துதான் வர வேண்டும். அது போனால் செடி தேறுவது கஷ்டம். தொட்டி ஓரமாக ஊற்றுங்கள். சுருண்டு வரும் இளங்குருத்தைத் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம். லேசாக நசுங்கினாலும் இலை கோணலாக விரியும்.

தோட்ட மண் இறுகிப்போகும், வேருக்குக் காற்று கிடைக்காது. மரப்பட்டைத் துண்டும் தேங்காய் நாரும் கலந்த கலவை போதும். 'நன்றாக வளரட்டும்' என்று பெரிய தொட்டியில் வைத்தால் ஈரம் காயாது. நேர் வெயில் இலையைக் கருக்கும். உரக் குருணையை நடுக்குழியில் போடுவதும், பளபளப்புக்காக எண்ணெய் தடவுவதும் கூடாது.

இலையின் பின்புறம் பழுப்புக் கோடுகளைக் கண்டு பூச்சி மருந்தைத் தூக்குகிறவர்களும் உண்டு. உற்றுப் பாருங்கள்: நடுநரம்பிலிருந்து சாய்வாக, ஒரே இடைவெளியில் வரிவரியாக இருந்தால் அவை ஸ்போர்கள், இனப்பெருக்கத்துக்கான தூள். செதில் பூச்சி அப்படி வரிசை பிடிக்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டியிருக்கும், நகத்தால் நெம்பினால் முழுசாகப் பெயரும்.

அப்புறம், மரத்தின் சத்தை உறிஞ்சுகிறது என்று சொல்லி இதைப் பிய்த்து எறிவது. இது ஒட்டுண்ணி இல்லை. மரம் இதற்கு வெறும் பிடிமானம். மக்கிய சருகும் மழையும்தான் உணவு. கவலைப்பட வேண்டியது எடையைப் பற்றித்தான்: போர்னியோ மழைக்காடுகளில் பெரிய செடி 200 கிலோ வரை கனக்கும். கிளை பட்டுப்போயிருந்தால் மட்டும், செடியை வேர்க்கொத்தோடு இறக்கி உறுதியான கிளையில் கட்டிவிடலாம்.