அட்டவணை சரி, அறை மட்டும் குளிருது: ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டில் கோளாறு தேடும் முறை

போன ஜனவரியில் ஒருநாள் இரவு ஒன்பதரைக்கு நுவரெலியாவிலிருந்து சின்னம்மா கூப்பிட்டார். மூன்று அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறவர்.

"தம்பி, நீ மாட்டிக் குடுத்த சாமான்ல 24 வச்சிருக்கேன். ரூம்ல இருக்க புள்ளைங்க ரெண்டும் கம்பளிக்குள்ள சுருண்டு கெடக்குதுங்க. குளிர் காத்துதான் வருது."

"ரிமோட்ல சூரியன் படம் தெரியுதா, பூ மாதிரி தெரியுதா சின்னம்மா?"

"பூதான் இருக்கு."

அந்தப் பூ உண்மையில் பனிப்படிகம், அதாவது குளிரூட்டும் முறை. அதில் 24 என்று வைத்தால், அறை 24 பாகையைத் தாண்டும்போதுதான் கம்ப்ரசர் வேலை செய்யும். அறையோ 14 பாகையில் கிடந்தது. கம்ப்ரசர் சும்மா இருக்க, விசிறி மட்டும் இருக்கிற குளிரையே சுழற்றி அடித்துக்கொண்டிருந்தது. சூரியன் படத்துக்கு மாற்றினால் அதே 24-க்கு எதிர்ப்பொருள்: அதற்குக் கீழே இறங்கினால் சூடேற்று. கொழும்பில் ஏசி பழகியவர்கள் இலக்கத்தை மட்டும் பார்ப்பார்கள், ஏனென்றால் அங்கே சூரியன் படத்துக்கு வேலையே இல்லை. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் முதலில் பார்க்க வேண்டியதே அந்தப் படம்தான்.

முதலில்: உங்களிடம் இருப்பது எது?

நம் பக்கம் 'ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்' என்று வாங்குவது பெரும்பாலும் ஏசி ரிமோட்டின் வேலையைச் செய்யும் சின்னப் பெட்டி. எத்தனை மணிக்கு எவ்வளவு வெப்பம் என்று கைபேசிச் செயலியில் நாம் போடும் அட்டவணைப்படி வைஃபையில் உத்தரவு வாங்கி, அகச்சிவப்புக் கதிரால் ஏசிக்குச் சொல்லும். இந்த விளக்கம் அதற்குத்தான். கனடாவிலிருந்து மாமா கொண்டுவரும் சுவரில் பதிக்கிற வட்டத் தெர்மோஸ்டாட் வேறு சாதி. அது 24 வோல்ட் கட்டுப்பாட்டு வயர்களுக்காகச் செய்தது. நம் வீட்டு 230 வோல்ட்டை அதில் கொடுத்தால் கருகிப் போகும், கொடுக்கிறவருக்கும் ஆபத்து. பெட்டியைத் திறக்காமலே வைத்துவிடுங்கள்.

இன்னொன்று: இலங்கையில் விற்கும் பல ஏசிகள் குளிரூட்ட மட்டுமே செய்தவை. ரிமோட்டில் மோட் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பாருங்கள். சூரியனோ 'ஹீட்' என்ற சொல்லோ வரவே இல்லையா? அப்படியானால் எந்த அட்டவணை போட்டும் சூடு வராது. சில ரிமோட்டுகள் பல மாடல்களுக்குப் பொதுவானவை, ஏசியில் இல்லாத முறையையும் காட்டும். அதனால் ஏசியின் பக்கவாட்டு லேபிளில் சூடேற்றும் திறன் என்று தனியாக ஓர் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது: அட்டவணையை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள்

செயலியில் அட்டவணையை அணைத்துவிட்டு, ஏசியின் சொந்த ரிமோட்டால் ஹீட் முறையில் 26 வையுங்கள். பத்து நிமிடம் காத்திருங்கள். இந்தப் பத்து நிமிடத்தில்தான் பலர் அவசரப்பட்டுக் குழம்புகிறார்கள். கம்ப்ரசரைக் காப்பாற்ற மூன்று நிமிடம் அளவுக்குத் தாமதம் வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகும், உள்ளே இருக்கும் சுருள் சூடாகும்வரை விசிறி சுழலாது. குளிர் காற்று முகத்தில் அடிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

நன்றாகச் சூடு வந்துகொண்டிருக்கும்போதே திடீரென நின்று, சில நிமிடம் கழித்துத் தானாகவே மறுபடி தொடங்கினால் அதுவும் கோளாறு இல்லை. இந்த ஏசிகள் வெளியே இருக்கும் காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி உள்ளே கொண்டுவருகின்றன. அப்போது வெளிப்பெட்டியின் சுருள் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துவிடும். நம் மூடுபனியின் ஈரம் அதில் பட்டு உறையும். அந்தப் பனியை உருக்க, இயந்திரம் கொஞ்ச நேரம் தலைகீழாக ஓடும். உள்ளே விசிறி நிற்கும், வெளியே ஆவி கிளம்பும். சின்னம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர் அதைப் புகை என்று நினைத்து வாளியில் தண்ணீரோடு ஓடி வந்தார், பாவம்.

ரிமோட்டால் சூடு வந்தால் ஏசி நல்லது. இனிச் செயலியால் அதே உத்தரவைக் கொடுங்கள். ஏசி 'பீப்' என்று ஒலிக்காவிட்டால் பெட்டியின் பார்வை மறைந்திருக்கிறது: திரைச்சீலை, அலுமாரி, எதுவாகவும் இருக்கலாம். ஒலித்தும் முறை மாறாவிட்டால், செயலியில் ஏசி மாடலைப் பிழையாகத் தேர்ந்திருக்கிறீர்கள்.

மூன்றாவது: நேரம்

கருவியின் நேர வலயம் கொழும்பு, அதாவது யுடிசி +5:30 (உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னே) என்று இருக்க வேண்டும். இலங்கை 1996-இல் கடிகாரத்தை முன்னே தள்ளி, முதலில் +6:30, பிறகு +6:00 என்று வைத்திருந்து, 2006 ஏப்ரலில்தான் +5:30-க்குத் திரும்பியது. உங்கள் அட்டவணை சரியாக அரை மணி முந்தி ஓடினால், வலயம் +6:00-இல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பன்னிரண்டு மணி வித்தியாசம் என்றால் ஏஎம், பிஎம் மாறியிருக்கிறது. 24 மணிக் கணக்குக்கு மாற்றிவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை.

ஒரு விதிவிலக்கு. ஐந்தரைக்கு என்று வைத்தது ஐந்துக்கே தொடங்கினால், 'முன்கூட்டியே தொடங்கு' என்கிற வசதி இயங்குகிறதா பாருங்கள். ஐந்தரைக்கு அறை சூடாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கருவி முன்னதாகவே ஆரம்பிக்கும்.

நான்காவது: 'ஹோல்ட்'

யாராவது கையால் வெப்பநிலையை மாற்றினால், பல கருவிகள் அட்டவணையை ஒதுக்கி வைத்துவிடும். சிலதில் அடுத்த நேரக்கட்டம் வரும்வரை, சிலதில் நீங்களாக விடுவிக்கும்வரை. செயலியின் முகப்பில் 'ஹோல்ட்' என்று தெரிந்தால் அதை அழுத்தி விடுவியுங்கள். விருந்தினர் வரும் வீடுகளில் எனக்கு வரும் முறைப்பாடுகளில் பாதி இதுதான்.

ஏசியின் பழைய ரிமோட்டால் மாற்றினால் இன்னும் சிக்கல். கதிர் ஒருவழிப் பாதை. பெட்டி சொல்லும், ஏசி திருப்பிச் சொல்லாது. ரிமோட்டால் அணைத்த விஷயம் பல பெட்டிகளுக்குத் தெரியவே தெரியாது. செயலி 'ஓடுகிறது' என்று காட்டும், அறை குளிர்ந்து கிடக்கும்.

கரண்ட் போய் வந்தாலும் இதே கதைதான். சில ஏசிகள் பழைய நிலைக்கே திரும்பும், சில அணைந்தே இருக்கும். மாலை இடிமழைக் காலத்தில் இதைக் கட்டாயம் சோதியுங்கள்: ஏசி ஓடும்போது அதற்குரிய பிரேக்கரை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். தானாகத் தொடங்கவில்லை என்றால் அட்டவணையில் ஒரே உத்தரவை மணிக்கு ஒருமுறை திரும்பக் கொடுத்து வையுங்கள். அழகான வழி இல்லை, ஆனால் வேலை செய்யும். வைஃபையும் போய்விட்டால், ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை திறந்திருக்கிறதா பாருங்கள். இந்தப் பெட்டிகளில் பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது.

ஐந்தாவது: பெட்டி இருக்கும் இடம்

பல கருவிகளில் அறையின் வெப்பத்தை அளப்பது அந்தச் சின்னப் பெட்டிதான். கணப்புக்குப் பக்கத்திலோ காலை வெயில் விழும் ஜன்னலிலோ வைத்தால் 'சூடு போதும்' என்று நிறுத்திவிடும். கட்டில் உயரத்தில், உள்சுவரில் வையுங்கள்.

'ஆட்டோ' முறையில் சூடாக்க ஓர் எண், குளிராக்க ஓர் எண் என்று இரண்டு கேட்டால், இடையில் மூன்று பாகையாவது விடுங்கள். நெருக்கி வைத்தால் பகலில் மாறி மாறி இரண்டும் ஓடி மின்கட்டணம் ஏறும். நுவரெலியாவில் ஆட்டோவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பல ஏசிகள் 16-க்குக் கீழே ஏற்காது என்பதால், இரவுக்கு 14 என்று போட்டால் அந்த உத்தரவு வீணாகிவிடும்.

சின்னம்மா வீட்டில் இப்போது ஓடுவது, எல்லாம் ஹீட் முறையில்: 17:30-க்கு 21, 22:30-க்கு 18, 05:30-க்கு 21, 09:00-க்கு நிறுத்து. ஏப்ரல் சீசனில் காலை வரியை எடுத்துவிடுவோம். ஏசியின் பழைய ரிமோட் சின்னம்மாவின் அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. கேட்டால் தொலைந்துவிட்டது என்பார்.