சிறிய அருங்காட்சியகத்துக்குப் பயணக் கண்காட்சி: மானியம் கேட்டு விண்ணப்பிப்பது எப்படி?

பெரிய நிறுவனங்கள் தயாரித்து ஊர் ஊராக அனுப்பும் கண்காட்சிகள், இரண்டு அறை மட்டுமே உள்ள அருங்காட்சியகத்துக்கும் வரலாம். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1952 முதல் இதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறது. 1994-இல் தொடங்கிய அதன் 'மியூசியம் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' திட்டம் சிற்றூர்களுக்காகவே உருவானது. பிரிட்டனில் தேசியத் தொகுப்புகளிலிருந்து பொருள்களை இரவல் வாங்கும் செலவுக்கு, சிறிய அருங்காட்சியகங்களுக்கு வெஸ்டன் இரவல் திட்டம் பணம் தருகிறது. ஆக, கண்காட்சியும் இருக்கிறது, பணமும் இருக்கிறது. பல இடங்களில் இல்லாதது உட்கார்ந்து விண்ணப்பம் எழுத ஓர் ஆள்தான். அந்த ஆளாக நீங்கள் இருக்க முன்வந்தால், கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

படி 1: முதலில் டேப்பை எடுங்கள்

விண்ணப்பப் படிவத்தை இப்போது திறக்க வேண்டாம். வாசலின் அகலம், உயரம், நடைபாதை திரும்பும் இடம், லிப்ட், கூரையின் உயரம் எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு பயணக் கண்காட்சிக்கும் ஒரு விவரக் குறிப்பு உண்டு. எத்தனை சதுர மீட்டர் இடம் வேண்டும், எத்தனை மரப்பெட்டிகள் வரும், மிகப் பெரிய பெட்டியின் அளவும் எடையும் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தப் பெரிய பெட்டி உங்கள் கட்டடத்தின் மிகக் குறுகலான இடத்தில் நுழையுமா? கூடம் எவ்வளவு விசாலமாக இருந்தாலும் நடைபாதைத் திருப்பத்தில் பெட்டி நின்றுவிட்டால் அவ்வளவுதான்.

அப்புறம் வெளிச்சமும் ஈரப்பதமும். காகிதம், துணி போன்றவற்றுக்கு 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் கூடாது என்பது வழக்கமான நிபந்தனை. எண்ணெய் வண்ண ஓவியங்களுக்குச் சுமார் 200 லக்ஸ் வரை அனுமதிப்பார்கள். ஈரப்பதத்தைத் தானாகப் பதிவு செய்யும் சிறு கருவி ஒன்றை இன்றே கூடத்தில் வைத்துவிடுங்கள். இரவல் தருபவர் கேட்கும் கட்டட அறிக்கையில், சில மாதப் பதிவு இருந்தால் நூறு வாக்குறுதிகளைவிட அது பேசும்.

முதல்முறை என்றால், அசல் பொருள்கள் இல்லாத, படமும் எழுத்தும் கொண்ட பதாகைக் கண்காட்சியையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். நிபந்தனைகள் குறைவு, காப்பீடும் குறைவு. அதை நல்லபடியாக நடத்திக் காட்டினால் அடுத்த முறை அசல் பொருள்களைத் தைரியமாகக் கேட்கலாம்.

படி 2: தேதியைப் பிடித்து வையுங்கள்

கண்காட்சியை அனுப்பும் நிறுவனத்திடம் பேசி, தற்காலிகமாக ஒரு தேதியை ஒதுக்கியதாகக் கடிதம் வாங்குங்கள். விண்ணப்பத்தோடு மானியம் தருபவர் தேடும் முதல் இணைப்பு இதுதான். தேதி குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மானிய முடிவு வந்த பிறகுதான் கண்காட்சி வாடகையின் முதல் தவணை கட்ட வேண்டியிருக்க வேண்டும். முடிவு வரும் முன்பே செய்த செலவைப் பெரும்பாலான மானியங்கள் ஏற்பதில்லை.

படி 3: பட்ஜெட்

இங்கேதான் நல்ல விண்ணப்பங்களும் சரிகின்றன. வாடகையை மட்டும் எழுதிவிட்டு மற்றதைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது ஆபத்து, ஏனென்றால் சிறிய அருங்காட்சியகத்தின் கையைக் கடிப்பது அந்த மற்றதுதான். போக்குவரத்து, காப்பீடு, பெட்டி இறக்கவும் பிரிக்கவும் ஆள் கூலி, கூடுதல் காவல், விளக்கு மாற்றம், விளம்பரம், மாணவர் நிகழ்ச்சிகள் என ஒவ்வொன்றுக்கும் தனி வரி போடுங்கள். போக்குவரத்தில், கண்காட்சி உங்களிடம் வந்துசேரும் செலவு மட்டும் உங்களுடையதா, முடிந்தபின் திருப்பி அனுப்பும் செலவுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காலிப் பெட்டிகளை எங்கே வைப்பது என்பதையும் யோசியுங்கள். கண்காட்சி முடியும்வரை அவை நனையாமல் எங்காவது இருந்தாக வேண்டும், அதற்கு வெளியே இடம் பிடித்தால் அதுவும் செலவு.

காப்பீட்டுக்கு அரசே பொறுப்பேற்கும் ஏற்பாடு உங்கள் நாட்டில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பிரிட்டனில் அப்படி ஒரு திட்டம் இருக்கிறது. தன்னார்வலர்களின் உழைப்பையும் மணிக்கணக்கில் மதிப்பிட்டு, அருங்காட்சியகத்தின் பங்காகக் காட்டலாமா என்று விதிமுறையில் பாருங்கள். அனுமதி இருந்தால் கட்டாயம் காட்டுங்கள். கையில் காசில்லாத இடத்துக்கு அதுதான் பெரிய பலம்.

படி 4: ஏன் இந்த ஊர், ஏன் இந்தக் கண்காட்சி?

'மக்களிடம் பண்பாட்டு விழிப்புணர்வை ஏற்படுத்துவோம்' என்ற வரியை எந்த ஊரும் எழுதலாம். அதனாலேயே அது யாருக்கும் உதவாது. ஆறுகள் பற்றிய கண்காட்சி கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்படி எழுதிப் பாருங்கள்:

'எங்கள் தொகுப்பில் பழைய வெள்ளப் புகைப்படங்கள் உள்ளன. அவற்றை இந்தக் கண்காட்சியுடன் சேர்த்து வைப்போம். வெள்ளத்தை நேரில் கண்ட முதியவர்களை எட்டாம் வகுப்பு மாணவர்கள் பேட்டி கண்டு பதிவு செய்வார்கள். பள்ளித் தலைமையாசிரியரின் ஒப்புதல் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது.'

யார் வருவார்கள், என்ன செய்வார்கள், பெட்டிகள் கிளம்பிய பிறகு ஊரில் என்ன மிஞ்சும் என்ற மூன்றுக்கும் இதில் பதில் இருக்கிறது. சின்ன அருங்காட்சியகம் என்பதை மறைக்காதீர்கள். ஊர்க்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் நெருக்கம் பெரிய நிறுவனத்திடம் இருக்காது. அதைத்தான் விற்க வேண்டும்.

படி 5: அனுப்புங்கள்

அருங்காட்சியகத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். பட்ஜெட்டின் கூட்டுத்தொகையும் விண்ணப்பத்தில் கேட்ட தொகையும் ஒன்றா என்று பாருங்கள். கடைசி நாளுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

படி 6: முடிவு வந்த பிறகு

கிடைக்கவில்லை என்றால், மதிப்பீட்டாளர்களின் கருத்தைக் கேட்டு எழுதுங்கள். பல அமைப்புகள் கேட்டால் தருகின்றன. அடுத்த சுற்றுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

கிடைத்துவிட்டால், மானிய ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகே கண்காட்சி ஒப்பந்தத்தை உறுதிசெய்யுங்கள். அசல் பொருள்கள் வந்தால் பெட்டிகளை உடனே திறக்காதீர்கள். கூடத்தின் சூழலுக்குப் பழக வழக்கமாக 24 மணி நேரம் விடுவார்கள். திறக்கும்போதே ஒவ்வொரு பொருளின் நிலையையும் படத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருந்த கீறலுக்கு நீங்கள் பொறுப்பாகாமல் காப்பது அந்தக் குறிப்புதான். பார்வையாளர் எண்ணிக்கையையும் ரசீதுகளையும் முதல் நாளிலிருந்தே ஒரே கோப்பில் சேர்த்து வாருங்கள். மானியம் தந்தவர் கேட்கும் இறுதி அறிக்கையை அதிலிருந்தே எழுதிவிடலாம்.