சைட் வேர்ட்ஸ்: கண்ணோடு கையும் பழகட்டும்

ஆங்கிலத்தில் ‘தி’ (the), ‘வாஸ்’ (was), ‘செட்’ (said) போன்ற சொற்களை எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை தடுமாறுவது இயல்பே. பார்த்ததும் அடையாளம் காண வேண்டிய இத்தகைய சொற்களையே சைட் வேர்ட்ஸ் என்கிறார்கள். எட்வர்ட் டால்ச் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1936-இல் தொகுத்த 220 சொற்களின் பட்டியல் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் அதை மொத்தமாக ஒப்பிக்க வைப்பது வீண் வேலை; வாரத்துக்கு மூன்று நான்கு சொற்கள் போதும்.

ஒரு தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி, சொல்லை உரக்கச் சொல்லியபடியே விரலால் எழுதச் சொல்லுங்கள். தட்டை லேசாக அசைத்தால் எழுத்து மறைந்துவிடும் என்பதால், தவறாக எழுதினாலும் குழந்தை தயங்காது. (சிந்தும் ரவையைப் பெருக்குவது நம் பாடு.)

‘செட்’ என்ற சொல்லுக்கு இன்னொரு வழி உண்டு. எஸ், டி ஆகிய எழுத்துகளை நீலத்திலும், ஒலியோடு பொருந்தாத நடு எழுத்துகளான ஏ, ஐ இரண்டையும் சிவப்பிலும் அட்டையில் எழுதித் தனித்தனியே வெட்டி, கலைத்துப் போட்டு மீண்டும் அடுக்கச் சொன்னால், மனத்தில் நிறுத்த வேண்டிய பகுதி எதுவென்று குழந்தைக்குத் தானாகவே விளங்கும்.

‘வாஸ்’ (was), ‘சா’ (saw) ஆகிய இரண்டும் ஒரே மூன்று எழுத்துகளைத் திருப்பிப் போட்டவை என்பதால், அவற்றை ஒரே வாரத்தில் கற்பிக்க வேண்டாம். ஒன்று நன்கு படிந்த பிறகு மற்றதைத் தொடங்கி, எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று தெரிய, முதல் எழுத்தின் மேல் பச்சைப் புள்ளி வைத்துக் கொடுங்கள். அன்று பழகிய சொல்லை அன்றே கதைப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் தேடி, விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.