தலையில் அடிபட்ட பிள்ளை திரும்பவும் பள்ளிக்கூடம் போகும்போது

என் தங்கை மகன் ஆறு வயதில், இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எல்லோரும் பக்கி என்று சொல்கிற திறந்த வண்டியின் பின்னாலிருந்து விழுந்தான். தையல் பிரித்தார்கள், பையன் ஓடியாடினான், கண்டம் கழிந்தது என்று நாங்களும் விட்டுவிட்டோம். கிரேடு 4, அதாவது நாலாம் வகுப்பு வந்தபோதுதான் தெரிந்தது. 4 பாடம் 6 ஆனது, போர்டைப் பார்த்து எழுதுவது கூடிப்போனது. அவன் நோட்டைத் திறந்தால் பாதி வார்த்தையில் எழுத்து நின்றிருக்கும், அதற்குள் டீச்சர் போர்டை அழித்திருப்பார். சோம்பேறி என்றார்கள். நாங்களும் திட்டினோம், அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

மூளையின் முன்பகுதி, அதாவது திட்டமிடவும் நாக்கை அடக்கவும் உதவுகிற பகுதி, 20 வயது தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கும். சின்ன வயதில் பட்ட அடி, சில சமயம் அந்தத் திறமை தேவைப்படும் வயது வரும்போதுதான் வெளியே தெரியும். ஆகவே ஆஸ்பத்திரிக் காகிதம், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் எத்தனை வருஷமானாலும் பத்திரமாக வையுங்கள். பள்ளி வருஷம் தொடங்கும் ஒவ்வொரு ஜனவரியிலும் புது டீச்சர் கையில் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: எப்போது அடிபட்டது, எது கஷ்டம், எப்படிச் சொன்னால் புரியும். கிரேடு 8இல் பாடத்துக்கு ஒரு டீச்சர், அங்கே ஒருவர் விடாமல் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும்.

பள்ளியில் "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கெஞ்சிவிட்டு வராதீர்கள். உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிந்து ஆதரவு கொடுப்பதற்கான அரசின் 2014ஆம் ஆண்டு சியாஸ் கொள்கைப்படி, பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று பதிவுசெய்கிற எஸ்என்ஏ 1 என்ற படிவத்தை வகுப்பு டீச்சர் நிரப்ப வேண்டும், அது போதாவிட்டால் பள்ளியின் ஆதரவுக் குழு எஸ்என்ஏ 2 நிரப்பும், அதற்கு மேல் மாவட்டக் குழு. படிவத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். பரீட்சையில் கூடுதல் நேரம் வேண்டுமென்றால் மெட்ரிக் வருஷம், அதாவது கிரேடு 12 வரை காத்திருக்காமல் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வகுப்பில் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. போர்டில் இருப்பதை அச்சடித்துக் கொடுப்பது, ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்வது, முன் பெஞ்சு. அப்புறம் களைப்பு, இதைத்தான் யாரும் நம்ப மாட்டார்கள். மற்றப் பிள்ளைகளுக்குத் தானாக வருவதை இவன் முயன்று செய்கிறான், மதியத்துக்குள் சக்தி தீர்ந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு, அரை மணி நேரம் அமைதி, பிறகுதான் ஹோம்வொர்க்.

தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி வந்தாலோ, வலிப்பு வந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். திரும்பவும் தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ரக்பி விளையாடுவதைப் பற்றி டாக்டர் சொன்ன பிறகு யோசிக்கலாம்.

படிப்பைவிட எனக்கு வலித்தது சிநேகிதம்தான். நாலு பேர் சேர்ந்து பேசினால் அவனுக்குப் பேச்சு பிடிபடாது, எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரிப்பான், மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவான். பிறந்தநாள் அழைப்புகள் நின்றுபோயின. கூட்டத்துக்கு அனுப்பிப் பழக்கலாம் என்று நினைக்காதீர்கள். காவடித் திருவிழாவுக்கே நாங்கள் ஒரு மணி நேரம்தான் கூட்டிப்போவோம், மேளச் சத்தமும் வெயிலும் அவனுக்குத் தாங்காது. ஒரே ஒரு பையனை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், ஆரம்பமும் முடிவும் தெளிவாக இருக்கிற விளையாட்டாகக் கொடுங்கள். நாங்கள் கேரம் போர்டு போட்டோம். "மெதுவாகச் சொல்லுடா, எனக்குப் பிடிபடலை" என்று கேட்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம். மூன்றாவது சனிக்கிழமை அவன் அதைச் சொன்னான், அந்தப் பையனும் சரி என்று திரும்ப மெதுவாகச் சொன்னான்.