பெர்லினிலிருந்து பிராக் வழியாக வியன்னா: ரயிலே போதும்

இரண்டாம் உலகப் போர் நடந்த இடங்களைப் பார்க்கத்தான் பயணம் என்றால் இந்த வழியில் விமானம் வேண்டாம். பெர்லின்–பிராக் ரயிலில் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல், பிராக்–வியன்னா ஏறக்குறைய நாலு மணி நேரம். இறங்குவதும் ஊருக்குள்ளேயே.

முக்கியமானது, பெர்லினுக்கும் பிராக்குக்கும் நடுவில் வரும் ஜெர்மன் நகரமான டிரெஸ்டன். 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் நொறுங்கிய ஃப்ரௌவன்கிர்ஹே தேவாலயத்தைத் திரும்பக் கட்டி 2005இல் திறந்தார்கள். சுவரில் ஆங்காங்கே கறுத்துத் தெரிபவை பழைய கற்கள். காலையில் கிளம்பி, பெட்டியை ஸ்டேஷன் லாக்கரில் போட்டுவிட்டு, பார்த்துவிட்டு மாலை ரயிலில் பிராக் போய்விடலாம். ஆனால் மலிவு டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்குத்தான் செல்லும். இந்த இடைநிறுத்தத்தை புக் செய்யும்போதே சேர்த்துவிடுங்கள். செக் ரயில்வே தளத்திலும் விலை பாருங்கள், சில நாள் அங்கே குறைவாக இருக்கும். சீட் ரிசர்வேஷன் தனி. கோடையில் அதை விட்டுவிடாதீர்கள்.

டிரெஸ்டன் தாண்டியதும் எல்பே ஆறு இடப்பக்கம் வரும், சீட்டை அந்தப் பக்கமே எடுங்கள். அப்புறம், ஜெர்மனி, செக், ஆஸ்திரியா மூன்று நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசாதான். இருந்தாலும் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஜெர்மன் எல்லையில் சோதிக்கிறார்கள்.